ரெண்டு அறையில் தீருமா?

போன வாரம் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் ஒரு தறி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே பத்தொன்பது வயதுப் பெண் தார் சுற்றிக்கொண்டிருந்தாள். சுடிதார் கை மேலேறியபோது தெரிந்தது: மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை கீறல்கள், பழையவை வெளுத்தும் புதியவை சிவந்தும். பக்கத்து வீட்டம்மா அவள் காதுபடவே சொன்னார்: "இதெல்லாம் வியாதியா அண்ணி? திமிரு. ரெண்டு அறை விட்டா சரியாப் போயிடும்." பெற்றவள் தலையாட்டினாள். எனக்கு ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

காலையில் கொண்டாடிய தோழியைச் சாயங்காலம் ஜென்ம விரோதியாகப் பார்ப்பது, போனை எடுக்காவிட்டால் கைவிட்டுவிட்டார்கள் என்று பதறுவது, பொங்கிய மனம் தணிய நாளெல்லாம் ஆவது, தன் உடம்பையே காயப்படுத்திக்கொள்வது. மருத்துவர்கள் இதை 'பார்டர்லைன்' ஆளுமைக் கோளாறு என்கிறார்கள். ஊர் திமிர் என்கிறது.

மார்ஷா லினஹனுக்கும் திமிர்தானா? 1961இல், 17 வயதில், அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் நகர மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர். தன்னைக் கீறிக்கொண்டார், சிகரெட்டால் சுட்டுக்கொண்டார். தனியறையில் அடைத்தார்கள், மின் அதிர்ச்சி கொடுத்தார்கள். ஒன்றும் பலிக்கவில்லை. அதே லினஹன்தான் பின்னாளில் உளவியல் பேராசிரியராகி, இந்தக் கோளாறுக்கென்றே டிபிடி என்ற சிகிச்சையை உருவாக்கினார். 2011இல் அதே மருத்துவமனைக்குப் போய்த் தன் கதையைச் சபையில் சொன்னார். இரண்டு அறை விட்டா அவர் தேறினார்?

லினஹன் சொல்வதைக் கேளுங்கள். பிறவியிலேயே சட்டென்று பொங்கும் மனம் ஒரு பக்கம். "உனக்கு ஒண்ணுமில்ல, நடிக்கிற" என்று ஓயாமல் சொல்லும் சுற்றம் இன்னொரு பக்கம். இரண்டும் சேர்ந்துதான் நோய் வளர்கிறது. அந்தத் திண்ணைப் பேச்சே நோய்க்குத் தீனி.

அறைக்கு அடுத்து ஊர் சொல்லும் யோசனை கல்யாணம். ஊருக்கெல்லாம் முகூர்த்தப் புடவை நெய்கிற ஊர் இது. அந்தப் புடவையைச் சுற்றிவிட்டால் தழும்பு ஆறிவிடும் என்று எந்த வைத்தியன் சொன்னான்? இன்னொரு வீட்டுப் பிள்ளையையும் சேர்த்து வதைப்பதற்குப் பெயர் பரிகாரமா? தொலைக்காட்சித் தொடர்களோ, கோபப்படுகிற பெண்ணையெல்லாம் வில்லியாக்கி ராத்திரிதோறும் நம் கூடத்தில் உட்காரவைக்கின்றன.

மனநோயாளியை அடக்கிவைத்தால் போதும் என்ற புத்தி எங்கே கொண்டுபோய் விடும் என்பதை ஏர்வாடி மனநோயாளர் காப்பகத்தில் பார்த்தோம். 2001 ஆகஸ்ட் 6, விடியற்காலைத் தீயில் சங்கிலியோடு கருகியவர்கள் 28 பேர். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியைத் தடை செய்தது. தற்கொலைக்கு முயன்றவரைக்கூடக் கடும் மன உளைச்சலில் இருந்தவராகவே கருதச் சொல்கிறது. சட்டத்துக்கு இருக்கும் இரக்கம் பெற்றவர்களுக்கு இருக்க வேண்டாமா?

இந்தக் கோளாறு உள்ளவர்களில் பெரும்பாலோர் சில ஆண்டுகளில் தேறிவிடுகிறார்கள். அம்மா, உங்கள் மகளை அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு அழைத்துப்போங்கள். தயக்கமாக இருந்தால் முதலில் 14416 என்ற மனநல உதவி எண்ணுக்குப் போன் போடுங்கள். காசு கிடையாது, ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.