மகளுக்கொரு பள்ளி: கதவா? தாழா?

ஆண்டின் இறுதி நெருங்க நெருங்க நம் பெங்களூரில் ஒரு பரபரப்பு மிகுகின்றது. அல்சூரிலும் சிவாஜி நகரிலும் பிரேசர் டவுனிலும் ஸ்ரீராமபுரத்திலும், நான்கு தமிழ்க் குடும்பங்கள் கூடும் இடமெல்லாம் பேச்சு ஒன்றே: குழந்தையை எந்தப் பள்ளியில் சேர்ப்பது? இப்பேச்சைச் செவிகொடுத்துக் கேட்பார்க்கு ஓர் உண்மை புலப்படாமற் போகாது. மகனுக்குப் பள்ளி தேடுங்கால் நாம் கேட்பன ஒருவகை வினாக்கள். மகளுக்குத் தேடுங்கால் கேட்பன வேறொருவகை. "நன்றாகச் சொல்லித் தருகிறார்களா? நாளை மேற்படிப்புக்கு வழியுண்டா?" என்பன மகனுக்கு. "மதில் உயரந்தானே? வீட்டுக்கு அருகில்தானே? பெண்கள் மட்டும் படிக்கும் பள்ளிதானே? கட்டணம் குறைவுதானே?" என்பன மகளுக்கு.

இவ்விருவகை வினாக்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். மகனுக்கு நாம் தேடுவது கல்வி. மகளுக்குத் தேடுவது காவல். ஐந்து வயதுக் குழந்தையிடமே இந்த வேற்றுமை தொடங்கிவிடுகின்றது. சங்க மேடையில் ஏறினால் ஔவையார் என்கிறோம், வெள்ளிவீதியார் என்கிறோம், காக்கைபாடினியார் என்கிறோம். உலகில் வேறெந்தப் பழமொழிக்கு இத்தனை பெண்பாற் புலவர் உண்டு என்று மார்தட்டுகிறோம். மேடையை விட்டிறங்கி வீட்டிற்குச் சென்றதும், மகளின் விண்ணப்பத் தாளில் முதலில் தேடுவது மதிலின் உயரத்தை! இந்த முரண்பாட்டை நமக்கு நாமே எடுத்துச் சொல்லிக்கொள்ளாவிடின், வேறு யார் வந்து சொல்வார்?

பிறரைக் குறை கூறுமுன் எம் வீட்டுக் கதையைச் சொல்லிவிடுதல் நேர்மையாகும். பல ஆண்டுகட்கு முன்னர், எம் மகனை நகரின் மறுகோடியிலிருந்த பள்ளியொன்றில் கடன்பட்டுச் சேர்த்தோம். ஈராண்டு கழித்து மகளின் முறை வந்தது. "பெண்பிள்ளைதானே, கண்ணெதிரே இருந்தால் போதும்" என்றனர் வீட்டுப் பெரியோர். யாமும் தலையசைத்தோம். தெருக்கோடியில் ஒரு பெண்கள் பள்ளி இருந்தது, அதில் சேர்த்தோம். வகுப்பறையையும் பார்க்கவில்லை, ஆசிரியையிடம் ஒரு சொல்லும் பேசவில்லை. சில திங்கள் சென்றபின் ஒருநாள் மகள் கேட்டாள்: "அண்ணன் பள்ளியில் ஓடுவதற்கு இடம் இருக்கிறதே அப்பா, எங்கள் பள்ளியில் ஏன் இல்லை?" விடை சொல்ல எமக்கு நா எழவில்லை. அவள் கேட்டது விளையாட்டுத் திடலைப் பற்றி மட்டுமன்று என்பது எமக்கு விளங்கப் பன்னெடுநாள் ஆயிற்று.

பெண்கள் பள்ளி என்பது எதற்காகத் தோன்றிற்று? வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்ப்போம். யாழ்ப்பாணத்து உடுவிலில் அமெரிக்க மிஷனார் பெண்களுக்கென உறைவிடப் பள்ளி தொடங்கியது 1824இல். புனே நகரில் சோதிராவ் புலேயும் சாவித்திரிபாய் புலேயும் சிறுமியர்க்குப் பள்ளி திறந்தது 1848இல். பாடஞ்சொல்லச் சென்ற சாவித்திரிபாயின் மீது சேறும் சாணமும் வீசினர் அவ்வூரார். நம் பெங்களூரின் தண்டுப் பகுதியில், இன்று குட்வில்ஸ் பெண்கள் பள்ளி என வழங்கும் பள்ளிக்கு வித்திட்டது, வெஸ்லியன் மிஷனார் தமிழ்ச் சிறுமியர்க்கென 1855இல் நிறுவிய பள்ளி. மைசூரில் மகாராணியார் பெயரால் பெண்கள் பள்ளி எழுந்தது 1881இல். பெண்குழந்தைக்கு எல்லாக் கதவுகளும் அடைபட்டிருந்த காலத்தில், "இதோ, உனக்கென ஒரு கதவு" என்று திறக்கப்பட்டவை இப்பள்ளிகள். வீட்டிற்குள் இருந்தவளை வெளியே அழைத்துவந்த கதவுகள் அவை. அந்தக் கதவையே இன்று நாம் தாழாக மாற்றிக்கொண்டோம். வெளியே வந்துவிட்டவளை மீண்டும் உள்ளே வைத்துப் பூட்டுவதற்கு அதே பெயர்ப் பலகையைத் தேடி அலைகிறோம்!

கதவு திறக்காத இடத்தில் பெற்றோர் என்ன செய்யவேண்டும் என்பதற்கும் நம் வரலாற்றிலேயே சான்று உண்டு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மன்னர் கல்லூரி ஆண்களே பயின்ற கல்லூரி. ஒரு பெண் உள்ளே வந்தால் ஒழுங்கு குலையும் என்று எதிர்ப்பு எழுந்தது. அதனை மீறி மன்னரின் இசைவோடு அங்கே பயின்றார் முத்துலட்சுமி. அவரே 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, 1927இல் சென்னைச் சட்டமன்ற மேலவையில் அமர்ந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. அவருடைய தந்தையார் மதிலின் உயரத்தை அளந்துகொண்டு வீட்டிலேயே இருந்திருப்பாராயின், நாடு எதனை இழந்திருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

"காலம் கெட்டுக் கிடக்கின்றது, பெண்குழந்தையின் பாதுகாப்பைக் கருதுதல் குற்றமா?" என்று கேட்பார் உளர். குற்றமன்று, அது பெற்றோரின் முதற்கடமை. இவ்வச்சத்தை ஏளனம் செய்வோர் பெண்ணைப் பெறாதவராகவே இருத்தல் கூடும். ஆயின் மதில் மட்டும் காக்கும் என்பது மயக்கம். 2014 சூலையில் இந்நகரத் தனியார்ப் பள்ளியொன்றின் வளாகத்திற்குள்ளேயே ஆறு வயதுச் சிறுமி கொடுமைக்கு ஆளாக்கப்பட்டாள் என்ற செய்தி வெளிவந்தபோது, பெற்றோர் பெருந்திரளாய்த் தெருவில் இறங்கியதை நாம் மறக்கவில்லை. உயர்ந்த மதிலும் உயர்ந்த கட்டணமும் காவலாகா என்பதை அன்று கண்ணீரோடு கற்றோம். எது காவல்? தனக்கு நேர்ந்ததைத் தயங்காமல் வந்து சொல்லும் குழந்தையின் நாவே முதற்காவல். அதனை நம்பிக் கேட்கும் ஆசிரியையும் தாய்தந்தையரும் இரண்டாங்காவல். "பேசாதே, குனிந்து நட, எதிர்வினா கேளாதே" என்று பெண்ணைப் பழக்கும் பள்ளி, எத்துணை உயர்ந்த மதிலை எழுப்பினும், அவளுடைய முதற்காவலை அதுவே பறித்துவிடுகின்றது.

அந்த நாவைப் பற்றியே இன்னும் ஒன்று சொல்லவேண்டும். கருநாடக அரசு 1994இல் பிறப்பித்த ஆணை, முதல் நான்கு வகுப்புகளில் தாய்மொழியோ கன்னடமோதான் பயிற்றுமொழியாதல் வேண்டும் என்றது. வழக்கு நெடுங்காலம் நடந்து, 2014 மே 6ஆம் நாள் உச்ச நீதிமன்றத்தின் ஐவர் அமர்வு தீர்ப்பளித்தது. தொடக்கக் கல்வியின் பயிற்றுமொழியை அரசு திணித்தல் ஆகாது. குழந்தையின் தாய்மொழி எது என்பதையும் பெற்றோரே முடிவு செய்வர் என்பது அத்தீர்ப்பின் சாரம். உரிமை நம் கைக்கு வந்தது. அதனை வைத்துக்கொண்டு நாம் செய்தது என்ன? மொழிச்சிறுபான்மைக் குழந்தைகட்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர வசதி செய்ய வேண்டும் என்று அரசியலமைப்பின் 350அ பிரிவு 1956 முதல் சொல்லிக்கொண்டிருக்கின்றது. இந்நகரின் தமிழ்வழி வகுப்புகளோ பிள்ளைகளின்றித் தேய்ந்தன. இதற்கு அரசைமட்டும் பழித்துப் பயனில்லை. முதலில் விலகிச் சென்றவர்கள் நாமே.

இதனால் பெண்குழந்தைக்கு நேரும் தீங்கு தனித்தன்மை உடையது. தான் அறிந்த மொழியில் ஒரு சொல்லும் ஒலிக்காத வகுப்பில் ஐந்து வயதுச் சிறுவன் வாய்மூடி அமர்ந்தால், "பையன் மந்தமாக இருக்கிறானே" என்று பெற்றோர் பதறி ஓடுகின்றனர். அதே வகுப்பில் சிறுமி வாய்மூடி அமர்ந்தால், "என்ன அடக்கம்!" என்று பாராட்டுகின்றனர். புரியாமையால் விளைந்த ஊமைத்தனம் பண்பாகப் போற்றப்படும் கொடுமை இது! ஆண்டுகள் செல்லச் செல்ல அவளும் அதுவே தன் இயல்பென நம்பிவிடுகிறாள். ஆதலின் தமிழ்வழிப் பள்ளி கிட்டுமாயின் அதனை முதலில் எண்ணுங்கள். கிட்டாதாயின், தமிழை ஒரு பாடமாகவேனும் கற்பிக்கும் பள்ளியைத் தேடுங்கள். அதுவும் இயலாதாயின், தமிழில் பேசினாள் என்பதற்காகக் குழந்தையைக் கடியாத ஆசிரியையைத் தேடுங்கள்; எழுத்தை வீட்டில் நீங்கள் கற்பியுங்கள். நம்மை வாழவைக்கும் இம்மண்ணின் மொழியாகிய கன்னடத்தை அவள் மனமுவந்து கற்கட்டும், ஆங்கிலமும் கற்கட்டும். தமிழை வேராகக் கொண்டு நிற்கும் குழந்தைக்கு அவையிரண்டும் கிளைகள்.

"கட்டணத்திற்கு எங்கே போவது?" என்னும் வினாவையும் யாம் புறக்கணிக்கவில்லை. கூலி வேலை செய்து பிள்ளைகளைப் படிக்கவைக்கும் குடும்பத்தின் பாடு எமக்குத் தெரியும். பணம் இல்லாமை பழியன்று. இருக்கும் பணத்தை மகனுக்கு முக்காலும் மகளுக்குக் காலுமாகப் பங்கிடுவதே பழி. அதினும் கொடியது, "இவளுக்குத் திருமணச் செலவு வேறு இருக்கின்றதே" என்று ஐந்து வயதிலேயே கணக்கெழுதத் தொடங்குவது. மகளின் கல்வியைச் சுருக்கி அவளுடைய திருமணத்திற்குச் சேமிப்பவர், விதைநெல்லைக் குத்தி விருந்து வைப்பவரே. இந்நகரின் அட்டாரா கச்சேரியைக் கட்டிய ஒப்பந்தக்காரர் ஆர்க்காடு நாராயணசாமி முதலியார் 1873இல் ஏழைப் பிள்ளைகட்கெனப் பள்ளி திறந்தார். அப்பெயரால் கல்விநிலையங்கள் இன்றும் நிற்கின்றன. பொருளுடைய தமிழர் இவ்வழியைப் பின்பற்றி, எளிய வீட்டுப் பெண்குழந்தைகளின் தொடக்கக் கல்விக்குத் தோள்கொடுப்பின், மலர் வெளியிடுவதினும் மாலை சூட்டுவதினும் அது மேலான தமிழ்ப்பணியாகும்.

பள்ளியை எவ்வாறு அறிவது? 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, ஒரு பள்ளிக்கு வேண்டுவன இவையெனக் காட்டுகின்றது: தொடக்க வகுப்புகளில் ஏறக்குறைய 30 பிள்ளைகட்கு ஓர் ஆசிரியர், குடிநீர், சிறுவர்க்கும் சிறுமியர்க்கும் தனித்தனிக் கழிப்பறை, நூலகம், விளையாட்டிடம். இதனைக் கையில் வைத்துக்கொண்டு பள்ளி நடக்கும் நாளில் சென்று பாருங்கள். வரவேற்பறையின் பளிங்குத் தரையைப் பாராதீர்கள். கழிப்பறையில் தண்ணீர் வருகின்றதா என்று பாருங்கள். தண்ணீரில்லாத பள்ளியில் சிறுமி நாள்முழுதும் நீரருந்தாமல் இருப்பாள். வெளியே சொல்லவும் மாட்டாள். நூலகத்தின் பூட்டு துருப்பிடித்துள்ளதா என்று பாருங்கள். திடலில் சிறுமியர் ஓடுகின்றனரா, ஓரத்தில் நின்று வேடிக்கை பார்க்கின்றனரா என்று பாருங்கள். எல்லாவற்றிற்கும் மேலாக, வகுப்பில் ஒரு சிறுமி கையுயர்த்தி வினாக் கேட்கும்போது ஆசிரியையின் முகம் மலர்கின்றதா, சுளிக்கின்றதா என்று பாருங்கள்.

பெண்கள் பள்ளியே வேண்டாம் என்பது எம் கட்சியன்று. மாணவர் தலைவியும் அவளே, ஆய்வுக்கூடத்தில் முதலில் கைவைப்பவளும் அவளே, பந்தை உதைப்பவளும் அவளே என்னும் நிலை நல்ல பெண்கள் பள்ளியில்தான் எளிதில் வாய்க்கும். "ஆண்பிள்ளைகள் செய்யட்டும், நீ ஒதுங்கி நில்" என்று சொல்ல அங்கே இடமில்லை. அத்தகைய பள்ளி கிட்டினால் ஊரைக் கடந்தேனும் சேர்க்கலாம். இருபாலரும் பயிலும் பள்ளியில் அவ்வுரிமை அவளுக்குக் கிட்டுமாயின் அங்கேயும் சேர்க்கலாம். பலகையில் உள்ள பெயரைக் கொண்டு முடிவு செய்தல் வேண்டா. உள்ளே அவள் நிமிர்கின்றாளா, குனிகின்றாளா என்பதே அளவுகோல்.

தமிழ்ப் பெருமக்களே! இவ்வாண்டு உங்கள் இல்லத்துச் சிறுமிக்குப் பள்ளி தேடப் புறப்படும்போது, அவளுடைய அண்ணனுக்கோ தம்பிக்கோ கேட்ட வினாக்களை எழுதி எடுத்துச் செல்லுங்கள். அவற்றுள் ஒன்றைக்கூட அவளுக்காகக் குறைக்காதீர்கள். கூடவே அவளையும் அழைத்துச் செல்லுங்கள்; திரும்பும் வழியில் அவளைக் கேளுங்கள். அன்று எம் மகள் கேட்ட வினாவிற்கு யாம் விடையளிக்கவில்லை. உங்கள் மகள் அவ்வினாவைக் கேட்க நேராதிருக்கட்டும்.