இன்னும் யாரிடம் கேட்க வேண்டும்?

மலேசியாவின் வீட்டு வாடகைச் சட்ட மசோதா மறுபடியும் தள்ளிப்போகிறது. சொல்லப்படும் காரணம் பழையதுதான்: சம்பந்தப்பட்ட தரப்பினருடன் இன்னும் பேச வேண்டுமாம். 2018-2025 தேசிய வீடமைப்புக் கொள்கையில் கொடுத்த வாக்குறுதி இந்தச் சட்டம். அந்தக் கொள்கைக்குரிய ஆண்டுகளே முடிந்துவிட்டன. அதை வெளியிட்ட அரசுக்குப் பின் மூன்று பிரதமர்கள் வந்தார்கள். பேசி முடிக்காத தரப்பு எது என்றுதான் விளங்கவில்லை.

சுங்கை பட்டாணியில் வீடு தேடும் தமிழர்களிடம் பேசியிருக்க மாட்டார்கள். தோட்டத்து லயத்தை விட்டும், கோத்தா கோலா மூடா பக்கமிருந்தும் தொழிற்சாலை வேலைக்கு வருகிறவர்களின் கதை ஒரே மாதிரி. தொலைபேசியில் மலாயில் பேசும்வரை வீடு காலியாகத்தான் இருக்கும். பெயரைச் சொன்னதும், "இப்போதுதான் ஒருவர் முன்பணம் கட்டினார்" என்பார் வீட்டுக்காரர். அடுத்த வாரமும் அதே விளம்பரம், அதே படங்களுடன் கிடக்கும். சிலர் அந்தச் சிரமம்கூட வைப்பதில்லை. எந்த இனத்தவருக்கு மட்டும் வீடு என்று விளம்பரத்திலேயே போட்டுவிடுகிறார்கள். காரணம் கேட்டால் தாளிப்பு வாசம், சாம்பிராணிப் புகை, வாடகைப் பாக்கி. யாரோ ஒருவர் வைத்துவிட்டுப் போன பாக்கி, ஊரிலுள்ள அத்தனை தமிழர் கணக்கிலும் ஏறிவிடுகிறது.

தப்பித்தவறி வீடு கிடைத்தாலும் கணக்கு இடிக்கிறது. 800 ரிங்கிட் வாடகை என்றால், வழக்கப்படி இரண்டு மாத முன்பணம் 1,600, தண்ணீர் மின்சாரத்துக்கு அரை மாதம் 400, முதல் மாத வாடகை 800: சாவியை வாங்கவே 2,800 ரிங்கிட். குறைந்தபட்சச் சம்பளமோ 1,700.

அரசியலமைப்பின் 8-வது பிரிவு இருக்கிறதே என்பார்கள். அது அரசைத்தான் கட்டுப்படுத்தும், தனியார் வீட்டுக்காரரை அல்ல. பிரிட்டனும் அமெரிக்காவும் வீட்டு விஷயத்தில் இனப் பாகுபாட்டுக்கு 1968-லேயே சட்டத் தடை போட்டன. தமிழ்நாட்டில் வாடகை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யும் புதிய சட்டம் 2019-ல் நடைமுறைக்கு வந்தது. இங்கே வாடகை தராதவரை வெளியேற்ற வீட்டுக்காரரும் நீதிமன்றப் படி ஏற வேண்டியிருக்கிறது என்பது உண்மைதான். சட்டம் வந்தால் அவருக்கும் நல்லது.

நகராண்மைக் கழகம் என்ன செய்கிறது? மதிப்பீட்டு வரியை ஆண்டுக்கு இரண்டு முறை தவறாமல் வாங்குகிறது. கடைப் பலகையில் மலாய் எழுத்து சிறுத்திருந்தால் அதிகாரி வாசலில் நிற்பார். வீட்டு விளம்பரத்தில் இனம் எழுதியவரைக் கேட்க ஆளில்லை. கேட்கச் சொல்லி வாக்காளரும் அழுத்த முடியாது. நகராண்மைத் தேர்தல் 1965-ல் நிறுத்தப்பட்டது. உறுப்பினர்கள் இன்றுவரை நியமனம்தான்.

ஆட்சி நாற்காலிகளின் பழைய கணக்கையும் புரட்ட வேண்டும். வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை 1997-ல் ரத்து செய்தார்கள். அவகாசம் முடிந்து 2000 பிறந்ததும் பினாங்கு ஜார்ஜ்டவுனில் வாடகை தாவியது. தலைமுறைகளாக இருந்தவர்கள் பெட்டியைக் கட்டினார்கள். மாற்று வீட்டுக்கு ஏற்பாடு செய்ய இரண்டு ஆண்டுக்கு மேல் அவகாசம் இருந்தும் ஆட்சியாளர்கள் கோட்டை விட்டார்கள். தோட்டத் தொழிலாளிக்குச் சொந்த வீடு என்ற பேச்சு 1970-களிலேயே தொடங்கியது. 1990-ல் வந்த சட்டம் லயத்துக்குத் தரம் வகுத்ததே தவிர, வேலை போனால் வீடும் போகும் நிலையை மாற்றவில்லை. ரப்பர் மரத்தை வெட்டினார்கள், செம்பனை வைத்தார்கள், அதையும் அழித்துத் தாமான் குடியிருப்பு கட்டினார்கள். அங்கே பால் மரம் வெட்டியவரின் பேரனுக்கு இன்று அதே தாமானில் வாடகைக்கு வீடில்லை. இதையெல்லாம் அறியாமையால் செய்தார்கள் என்று நம்ப முடியவில்லை.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் கோத்தா கோலா மூடா மக்களுக்கு அரசு புது வீடுகள் கட்டித் தந்தது. மனம் வைத்தால் முடியும் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

அடுத்த கூட்டத்தொடரிலாவது மசோதா அவைக்கு வரட்டும். இனம் பார்த்து வீட்டை மறுப்பவரைத் தட்டிக்கேட்க அதில் ஏதாவது ஒரு வழி இருக்கட்டும். கலந்துபேச இன்னும் ஆள் வேண்டுமென்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமை சுங்கை பட்டாணிக்கு வரட்டும். வீடு பார்க்க வந்து, கதவு திறக்காமல் திரும்புகிறவர்கள் வாசலிலேயே கிடைப்பார்கள்.