லைசென்ஸ் வேண்டாம் என்று சொல்லாதீர்கள்!



2025 ஏப்ரல் 29 இரவு, படாபஜார் மெச்சுவா பழச் சந்தைப் பக்கம் ஒரு ஓட்டலில் தீப்பிடித்தது. 14 பேர் மாண்டார்கள். நெருப்பில் வெந்தவர்களைவிடப் புகையில் மூச்சுத் திணறி இறந்தவர்களே அதிகம். அவர்களில் மூவர் நம்மவர்கள். கரூர்ப் பக்கத்திலிருந்து வந்து தங்கிய ஒரு குடும்பத்தின் தாத்தாவும் இரண்டு பேரக் குழந்தைகளும். பெற்றோர் வெளியே போயிருந்ததால் பிழைத்தார்கள். அதைப் பிழைத்தது என்று சொல்ல நமக்கு நா எழவில்லை.

அந்த ஓட்டலுக்கு லைசென்ஸ் இல்லையா? தீயணைப்புத் துறையின் அனுமதி ஒரு காலத்தில் இருந்தது. அது காலாவதியாகி 3 ஆண்டுகள் ஆகிவிட்டன என்று, பிணங்களை எடுத்த பிறகு, அதே துறை சொன்னது! நம்மில் ரயில்வேயில் வேலை பார்ப்பவர்களுக்குத் தெரியும்: பிரேக் பவர் சான்று செல்லாமல் போனால் சரக்கு வண்டிகூட யார்டை விட்டு நகராது. நிலக்கரிக்கு இருக்கிற பாதுகாப்பு மனிதனுக்கு இல்லையா என்று கேட்கிறோம்.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. நம் குடும்பங்களில் பலர் ஒரு அறையை நாள் வாடகைக்கு விடுகிறார்கள். வேலை தேடி வரும் பையன்கள், பைபாஸ் ரோடு ஆஸ்பத்திரிகளில் நோயாளிக்குத் துணையாக வருபவர்கள், காளிகாட்டும் பேலூர் மடமும் பார்க்க வருபவர்கள் தங்குகிறார்கள். இப்போது செல்போன் மூலமும் ஆள் வருகிறது. “முறைப்படி பதிவு செய்யுங்கள்” என்று சங்கம் சொன்னதும் முணுமுணுப்பு எழுந்தது. “நம்ம வீட்டில் நாம் யாரை வைத்தால் சர்க்காருக்கு என்ன? லைசென்ஸ் என்றால் லஞ்சம்தானே?” என்கிறார்கள்.

இந்த வாதத்தை நாம் ஏற்கவில்லை. காசு வாங்காத வரைதான் அவர் விருந்தாளி. காசு வாங்கிய நிமிடமே அவர் உயிருக்கு நாம் பொறுப்பாளி. உண்மையைப் பேசுவோம். ஊர்க்காரன் என்று பாசம் காட்டி, ஒரே அறையில் எட்டுக் கட்டில் போட்டு, ஒரே வாசல், அந்த வாசலிலேயே கேஸ் சிலிண்டர் என்று வைத்திருப்பவர்கள் நம்மிலும் உண்டு. படாபஜார் முதலாளியைத் திட்டுகிற வாயால் இவர்களையும் கேட்டாக வேண்டும்.

இன்னொன்றையும் யோசியுங்கள். நம்மில் பெரும்பாலோர் வாடகைக்குக் குடியிருப்பவர்கள். நாள் வாடகையில் கொழுத்த லாபம் கண்டால், மாத வாடகை தரும் நம்மை எந்த வீட்டுக்காரர் வைத்திருப்பார்? பார்சிலோனா நகரத்தில் இதுதான் நடந்தது. சுற்றுலாக்காரருக்கு விடப்படும் 10,101 வீடுகளின் லைசென்ஸை 2028 நவம்பருக்குள் முடித்துவிடுவதாக அந்த நகர நிர்வாகம் 2024 ஜூனில் அறிவித்தது. நியூயார்க்கில் 2023 செப்டம்பர் முதல், 30 நாளுக்குக் குறைவாக அறை விடுபவர் நகர நிர்வாகத்திடம் பதிவு செய்ய வேண்டும். விருந்தினர் இருவருக்கு மேல் கூடாது. வீட்டுக்காரரும் உடன் தங்க வேண்டும். குடியிருப்போர் போராடி வாங்கிய விதிகள் இவை. லைசென்ஸ் வாடகைக்காரனின் ஆயுதமும் ஆகும்.

ஆனால் நம் நாட்டில் விதி யாருக்காக எழுதப்பட்டிருக்கிறது? மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் திட்டப்படி 1 முதல் 6 அறை, 12 படுக்கை வரை விடலாம். உரிமையாளர் குடும்பம் அங்கேயே வசிக்க வேண்டும். மேற்கு வங்க அரசும் 2017இல் ஹோம்ஸ்டே கொள்கை கொண்டுவந்தது. 2025 பிப்ரவரி பட்ஜெட்டில் ஹோம்ஸ்டேக்கு முத்ரா கடன் என்றார்கள். எல்லாம் சொந்த வீடு உள்ளவருக்கு! வாடகைக்கு இருப்பவர், வீட்டுக்காரரின் எழுத்துமூலமான சம்மதம் இல்லாமல் உள்வாடகைக்கு விட்டால், 1997ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி அவரையே வெளியேற்றலாம். பிறகு எந்தத் தைரியத்தில் அவர் பதிவு செய்ய வருவார்?

நம் சங்கத்து அம்மா ஒருவர் நேர்மையாகப் பதிவு செய்யப் புறப்பட்டார். ஒரு கவுண்டரில் வர்த்தகச் சான்று எங்கே என்றார்கள். அடுத்த கவுண்டரில் வீட்டுக்காரர் கடிதம் எங்கே என்றார்கள். இன்னொரு கவுண்டரில் நாளை வா என்றார்கள். நான்கு நாள் கூலி போனதுதான் மிச்சம். பெரிய கல் நழுவிப் போக, சின்ன மணி சிக்குகிற சல்லடையை இங்கேதான் பார்க்கிறோம்!

ஆகவே லைசென்ஸ் வேண்டாம் என்பது நம் கோஷம் அல்ல. ஆளுக்குத் தக்க லைசென்ஸ், தவறாத சோதனை என்பதே நம் கோரிக்கை.

1. ஓரிரு அறை விடும் குடும்பத்துக்கு வார்டு அளவில் ஒரே மனு, சிறு கட்டணம், குறித்த நாளுக்குள் பதில். சம்மதக் கடிதம் உள்ள வாடகைக்காரரும் பதிவு செய்ய வழி வேண்டும்.

2. ஓட்டல், லாட்ஜுகளுக்கு ஆண்டுதோறும் நேரடிச் சோதனை. தீயணைப்புச் சான்று முடியும் தேதியை வாசலில் எழுதி வைக்க வேண்டும். தேதி முடிந்தால் அன்றே பூட்டு.

3. ஆள் குடியில்லாமல் வீடு வீடாகப் பிடித்து நாள் வாடகைக்கு விடும் கம்பெனிகளுக்கு உச்சவரம்பு.

4. படியேறிப் பார்க்காமல் கையெழுத்திட்ட அதிகாரி மீதும் வழக்கு.

சர்க்கார் செய்யும் வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. இன்றே சிலிண்டரை வாசலை விட்டு நகர்த்துங்கள். அடைத்த ஜன்னலைத் திறங்கள். தங்குபவர் பெயரை நோட்டில் எழுதுங்கள். கட்டில் எண்ணிக்கையைக் குறையுங்கள். வருமானம் குறைந்தாலும் சரி. மனு எழுதத் தெரியாதவர்கள் சங்கத்துக்கு வாருங்கள். எழுதித் தருகிறோம், கூடவும் வருகிறோம்.

வந்தாரை வாழ வைக்கும் தமிழகம் என்று பெருமை பேசுகிறோம். நம்மை நம்பி வந்தாரை உயிரோடு ரயிலேற்றி அனுப்புவதே கல்கத்தாத் தமிழருக்குப் பெருமை!