இடிக்கப்பட்ட மண்டபம் தரும் பாடம்

இன்று யாங்கோன் எனப்படும் ரங்கூனில் யூபிலி மண்டபம் என்றொரு மண்டபம் இருந்தது. விக்டோரியா அரசியின் ஆட்சி விழாவை முன்னிட்டு எழுப்பப்பட்ட அது, வெள்ளையரின் நடனங்களுக்கும் நாடகங்களுக்கும் உரிய இடமாக விளங்கிற்று. 1944 ஜூலையில் அங்கேயே நேதாஜி சுபாஸ் சந்திரபோஸ் விடுதலைப் படைக்கு ஆதரவு திரட்டி முழங்கினார். மலாயாவிலும் பர்மாவிலும் வாழ்ந்த தமிழர் பெருந்தொகையினர் அப்படையில் இணைந்திருந்தனர். 1947 ஜூலை 19இல் சுட்டுக்கொல்லப்பட்ட ஆங் சானின் உடலும் அம்மண்டபத்திலேயே மக்கள் அஞ்சலிக்கு வைக்கப்பட்டது. ஆடியவர், போராடியவர், அழுதவர் அனைவருக்கும் இடமளித்த மண்டபம் 1980களில் இடிக்கப்பட்டது. அவ்விடத்தில் இராணுவ அருங்காட்சியகம் எழுந்தது.

கட்டடத்தின் ஆயுள் ஆட்சியாளர் கையில் உள்ளது. 1981இல் யாழ். நூலகம் எரிக்கப்பட்டபோதே இதனை நாம் அறிந்துகொண்டோம். புலம்பெயர்ந்த மண்ணிலோ எமது திருமணங்கள், அரங்கேற்றங்கள், அஞ்சலிக் கூட்டங்கள் யாவும் பெரும்பாலும் வாடகை மண்டபங்களிலேயே நடைபெறுகின்றன. மறுநாள் அங்கு எமது சுவடே இராது. விருந்துக்கும் அலங்காரத்துக்கும் தாராளமாகச் செலவிடும் நாம், நடந்ததை எழுதிவைக்க ஒருவரையேனும் அமர்த்துகிறோமா? ஒவ்வொரு சங்கமும் ஒரு குறிப்பேட்டைப் பேணட்டும்; முதியோர் வாய்மொழியைப் பதிவு செய்யட்டும். அவர்கள் எம்மிடையே உள்ளபோதே இப்பணி தொடங்கவேண்டும்.