கொடைக்கானல் ரிசார்ட்டுக்கு நாயையும் கூட்டிட்டுப் போகலாமா? சட்டம் சொல்வது என்ன, ரிசப்ஷனில் சொல்லாமல் விடுவது என்ன?

மே மாத லீவு வந்தால் வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறும் கார்களில் இப்போது ஒரு புதுப் பயணியைப் பார்க்கலாம். பின் சீட் ஜன்னலில் தலையை நீட்டிக்கொண்டு, காற்றில் காது பறக்க வரும் நாய். 'பசங்களை விட்டுட்டுப் போவோமா? அப்போ இதை மட்டும் எப்படி விட்டுட்டுப் போறது?' என்று கேட்கும் குடும்பங்கள் அதிகமாகிவிட்டன. அதைப் பார்த்து ரிசார்ட்டுகளும் 'பெட் ஃப்ரெண்ட்லி' போர்டு மாட்ட ஆரம்பித்திருக்கின்றன.

திண்டுக்கல் மாவட்டத்துக்கு இந்தக் கேள்வி கொஞ்சம் கூடுதலாகவே பொருந்தும். மேலே கொடைக்கானல், தாண்டிக்குடி. நகரத்தை ஒட்டியே சிறுமலை. கீழே ஆத்தூர் காமராஜர் அணைப் பக்கம் தோப்புக்குள் தங்கும் விடுதிகள். சென்னை, கோவை, பெங்களூரு கார்கள் வந்து நிற்கும் இடங்கள் இவை. ஆனால் போர்டைப் பார்த்து ரூம் போட்டுவிட்டு, வாசலில் போய் நின்ற பிறகுதான் பலருக்கும் கண்டிஷன்கள் தெரியவருகின்றன.

ஹோட்டல் 'முடியாது' என்று சொல்லலாமா?

சொல்லலாம். செல்லப்பிராணியை அனுமதித்தே ஆக வேண்டும் என்று எந்த ஹோட்டலையும் கட்டாயப்படுத்தும் சட்டம் இந்தியாவில் இல்லை. அனுமதிக்கவே கூடாது என்ற சட்டமும் இல்லை. முழுக்க முழுக்க அந்த ஓட்டல் நிர்வாகத்தின் முடிவு.

இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். அபார்ட்மென்ட் சங்கங்கள் நாய் வளர்க்கக் கூடாது என்று தடை போட முடியாது, லிஃப்டில் ஏற்றக் கூடாது என்று சொல்ல முடியாது என 2015-ல் இந்திய விலங்குகள் நல வாரியம் வழிகாட்டுதல் கொடுத்தது. வாட்ஸ்அப்பில் சுற்றும் அந்த சுற்றறிக்கையை ரிசப்ஷனில் காட்டி சண்டை போடுபவர்கள் உண்டு. அது குடியிருப்பவர்களுக்கானது. இரண்டு நாள் வாடகைக்கு வரும் விருந்தினருக்குப் பொருந்தாது.

பார்வையற்றவர்களுக்கு வழிகாட்டும் பயிற்சி பெற்ற நாய்களின் கதை வேறு. அமெரிக்காவில் 1990-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டப்படி அப்படிப்பட்ட நாயை ஹோட்டல் தடுக்க முடியாது, அதற்குத் தனிக் கட்டணமும் வாங்க முடியாது. 'நோ பெட்ஸ்' போர்டு அங்கே செல்லாது, ஏனென்றால் சட்டத்தின் பார்வையில் அது செல்லப்பிராணியே கிடையாது. பிரிட்டனிலும் 2010 சமத்துவச் சட்டம் இதே பாதுகாப்பைத் தருகிறது. நம் ஊரில் அந்த அளவுக்குத் தெளிவாக எழுதப்பட்ட விதி இல்லை.

'தாஜ் ஹோட்டலிலேயே தெருநாய் படுத்திருக்கே?'

இந்த விவாதம் வரும்போதெல்லாம் யாராவது ஒருவர் இதைக் கேட்பார். உண்மைதான். மும்பை தாஜ்மஹால் பேலஸ் வாசலில் தெருநாய் நிம்மதியாகத் தூங்கும் காட்சி 2024-ல் சமூக வலைதளங்களில் வைரலானது. ரத்தன் டாடாவின் நாய்ப் பிரியம் ஊரறிந்தது. டாடா குழுமத்தின் தலைமையகமான பாம்பே ஹவுஸை 2018-ல் புதுப்பித்தபோது தெருநாய்களுக்கென்றே உள்ளே இடம் ஒதுக்கினார்கள். 2024 அக்டோபரில் அவர் மறைந்தபோது, 'கோவா' என்ற அவருடைய நாயைக் கடைசி அஞ்சலிக்குக் கூட்டி வந்த வீடியோவைப் பார்த்துக் கலங்காதவர்கள் குறைவு.

ஆனால் வாசலில் படுக்கும் நாய்க்கு இடம் கொடுப்பதும், விருந்தினர் கொண்டுவரும் நாயைக் கம்பளம் விரித்த அறைக்குள் தங்க வைப்பதும் வேறு வேறு. முன்னது கருணை. பின்னது வியாபாரம். வியாபாரம் என்று சொல்வதில் தப்பில்லை. நாள் வாடகை 7,500 ரூபாயைத் தாண்டிவிட்டால் 18 சதவீதம் ஜிஎஸ்டியும் சேர்த்துக் கட்டுகிற விருந்தினர், நாய்க்காகக் கூடுதலாகக் கொடுக்கவும் தயாராக இருக்கிறார். உலக அளவில் கிம்ப்டன் போன்ற ஹோட்டல் குழுமங்கள், நாய்க்கு எடை வரம்பும் இல்லை, கட்டணமும் இல்லை என்பதையே விளம்பரமாக்கி வாடிக்கையாளரைப் பிடித்தன.

கண்டிஷனில் மாட்டும் நாட்டு நாய்கள்

பெரும்பாலான இடங்களில் கேட்பது தடுப்பூசி சான்றிதழ், கூடுதல் கட்டணம், அறை சேதமானால் பிடித்துக்கொள்ள ஒரு டெபாசிட். ரெஸ்டாரன்ட், நீச்சல் குளம் பக்கம் நாய் வரக் கூடாது. இவையெல்லாம் நியாயமானவை. சமையல் நடக்கும் இடத்துக்குள் விலங்குகள் வராமல் பார்த்துக்கொள்வது உணவுப் பாதுகாப்பு விதிப்படியும் ஹோட்டலின் பொறுப்பு.

இன்னொரு கண்டிஷன்: நாயை அறையில் தனியாகப் பூட்டிவிட்டு ஊர் சுற்றப் போகக் கூடாது. பூட்டுக்குப் பேர் போன மாவட்டத்துக்கு வந்து இப்படி ஒரு கண்டிஷனா என்று சிரிக்கலாம், ஆனால் காரணம் இருக்கிறது. புது இடம், புது வாசனை, எஜமானரையும் காணோம். சாதுவான நாய்கூட கதவைப் பிராண்டும், மணிக்கணக்கில் குரைக்கும். பக்கத்து அறைக்காரரும் பல ஆயிரம் கொடுத்துத்தான் வந்திருக்கிறார். ஆக, நாயோடு போனால் தூண் பாறை, குணா குகை எல்லாம் முறை வைத்துத்தான் பார்க்க வேண்டியிருக்கும்.

சிக்கல் வருவது எடை வரம்பில். பல விடுதிகள் 'சிறிய நாய்கள் மட்டும்' என்கின்றன. ஷிட்சூவும் பொமரேனியனும் உள்ளே போய்விடும். ராஜபாளையம் வாசலிலேயே நிற்கும். சிப்பிப்பாறை, கன்னி, பக்கத்துத் தேனி மாவட்டத்தின் கோம்பை எல்லாம் உயரமும் எடையும் உள்ள வேட்டை, காவல் இனங்கள். ராஜபாளையம் நாய்க்கு 2005-ல் தபால்தலை வெளியானது. 2020 ஆகஸ்டில் 'மன் கி பாத்' உரையில் பிரதமர் இந்த நான்கு இனங்களையும் பெயர் சொல்லி, நாட்டு நாய் வளருங்கள் என்றார். இந்தப் பகுதியின் வெயிலுக்குப் பழகிய நாய்க்கு இந்தப் பகுதி ரிசார்ட்டிலேயே இடமில்லை என்பது கொஞ்சம் வேடிக்கைதான். குணத்தை விட்டுவிட்டு எடையை மட்டும் பார்க்கும் விதி இது. சின்ன நாய் கடிக்காது என்று யார் சொன்னது?

இனத்தை வைத்து விதி போட்டால் என்ன ஆகும் என்பதை அரசே பார்த்துவிட்டது. 2024 மார்ச்சில் பிட்புல், ராட்வீலர் உள்ளிட்ட 23 இனங்களைத் தடுக்கச் சொல்லி மத்திய அரசு மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது. அடுத்த மாதமே கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2024 மே மாதம் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதி பூங்காவில் 5 வயதுச் சிறுமியை ராட்வீலர் நாய்கள் கடித்துக் குதறின. அதிர்ச்சியில் தமிழக கால்நடைத் துறை அந்த 23 இனங்களுக்கும் தடை அறிவித்தது. அறிவித்த வேகத்திலேயே திரும்பப் பெற்றது.

அறையைச் சுத்தம் செய்பவரிடம் யார் கேட்டார்கள்?

விளம்பரப் படத்தில் நாய் இருக்கும், மெத்தை இருக்கும், சிரிக்கும் குடும்பம் இருக்கும். அந்த மெத்தையை மறுநாள் உதறி விரிப்பவர் இருக்க மாட்டார். மலை ரிசார்ட்டுகளில் ஹவுஸ்கீப்பிங் வேலையில் இருப்பவர்களில் பலர் சுற்று வட்டார கிராமங்களைச் சேர்ந்தவர்கள். கதவைத் தட்டி உள்ளே போகும்போது கட்டிலுக்கு அடியில் இருந்து பாயும் நாயை முதலில் சந்திப்பது அவர்கள்தான்.

இது வீண் பயம் இல்லை. 2024-ல் மட்டும் தமிழகத்தில் பதிவான நாய்க்கடிகள் சுமார் 4.8 லட்சம். ரேபிஸ் நோயால் இறந்தவர்கள் 43 பேர். அறிகுறி தெரிந்த பிறகு காப்பாற்ற வழியே இல்லாத நோய் அது. தெருநாய் விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போய், பள்ளி, மருத்துவமனை, பஸ் ஸ்டாண்ட், ரயில் நிலைய வளாகங்களில் இருந்து நாய்களை அகற்றச் சொல்லி 2025 நவம்பரில் உத்தரவு வந்த சூழலில், வீட்டு நாய் என்றாலே பாதுகாப்பு என்ற எண்ணம் பலருக்கு வந்துவிட்டது. தடுப்பூசி போட்டிருந்தால் மட்டுமே அது பாதுகாப்பு. விலங்குகள் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள் 2023-ம் வீட்டு நாய்க்குத் தடுப்பூசி போடுவது உரிமையாளரின் பொறுப்பு என்றே சொல்கிறது.

கடித்துவிட்டால்? நாயை அஜாக்கிரதையாக வைத்திருந்ததற்காக உரிமையாளர் மீது பாரதிய நியாய சன்ஹிதா 291-வது பிரிவில் வழக்கு போட முடியும். ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆனால் இரண்டு நாளில் ஊருக்குத் திரும்பிவிடும் விருந்தினர் மீது, மாதச் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் ஒருவர் போய் புகார் கொடுப்பாரா? நடைமுறையில் அது ரிசார்ட் நிர்வாகம் எந்தப் பக்கம் நிற்கிறது என்பதைப் பொறுத்தது. நாய்க்கென்று வாங்கும் கட்டணத்தில் ஒரு பங்கை ஊழியர்களுக்கு முன்கூட்டியே ரேபிஸ் தடுப்பூசி போடச் செலவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும். இரண்டு டோஸ், ஒரு வார இடைவெளி, அவ்வளவுதான். நாய் அறைக்குள் இருக்கும்போது ஊழியர் உள்ளே போகத் தேவையில்லை என்ற ஒரு வரியையும் விதியில் சேர்க்கலாம். செலவே கிடையாது.

காட்டுக்கு வரும் ஆபத்து

கொடைக்கானலைச் சுற்றி 600 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்த காடு, 2013-ல் வனவிலங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. ஊருக்குள்ளேயே காட்டெருமை நடந்து போகும். கயிறு இல்லாத நாய் அதைப் பார்த்துக் குரைத்தால் மிரள்வது காட்டெருமை, மாட்டுவது பக்கத்தில் நிற்கும் மனிதர்.

சிறுத்தை விஷயம் நேர் எதிர். அதற்கு நாய் என்றால் எளிதான இரை. மகாராஷ்டிராவின் அகோலே பகுதியில் நடந்த ஆய்வில் சிறுத்தைகளின் உணவில் கிட்டத்தட்ட 40 சதவீதம் நாய்கள்தான் என்று தெரியவந்தது. இருட்டிய பிறகு காட்டேஜ் வாசலில் நாயைக் கட்டிப்போடுவது நாய்க்கும் நல்லதல்ல, சிறுத்தையை வாசலுக்கு அழைப்பது போலவும் ஆகும்.

இதையெல்லாம் விடப் பெரியது கண்ணுக்குத் தெரியாத ஆபத்து. 2018-ல் குஜராத்தின் கிர் காட்டில் சில வாரங்களுக்குள் 20-க்கும் மேற்பட்ட சிங்கங்கள் அடுத்தடுத்து இறந்தன. இறந்தவற்றில் சிலவற்றில் கெனைன் டிஸ்டெம்பர் வைரஸ் உறுதியானது. நாய்களிடம் சாதாரணமாகப் பரவும் வைரஸ் அது. காட்டு ஓரத்தில் இருக்கும் ரிசார்ட்டுகள் ரேபிஸ் சான்றிதழை மட்டும் கேட்டால் போதாது. டிஸ்டெம்பர், பார்வோ சேர்ந்த கூட்டுத் தடுப்பூசியும் போட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

போய்ச் சேருவது எப்படி?

ரயிலில் என்றால் ஏசி முதல் வகுப்பு மட்டும்தான் வழி. இரண்டு பேர் கூபே அல்லது நான்கு பேர் கேபின் முழுவதும் உங்களுக்கே ஒதுக்கப்பட வேண்டும். பிறகு பார்சல் ஆபீஸில் நாய்க்குத் தனியாகப் பணம் கட்டி ரசீது வாங்க வேண்டும். சென்னையில் இருந்து வரும் பாண்டியன் எக்ஸ்பிரஸில் முதல் வகுப்புப் பெட்டி உண்டு, திண்டுக்கல், கொடைக்கானல் ரோடு இரண்டிலும் நிற்கும். ஸ்லீப்பர், மூன்றடுக்கு ஏசியில் நாய்க்கு அனுமதி இல்லை. அந்த டிக்கெட் வைத்திருப்பவர்களுக்கு கார்டு வேனில் இருக்கும் நாய்ப் பெட்டிதான். அதன் சத்தத்திலும் வெக்கையிலும் ராத்திரி முழுக்க நாயைத் தனியே விட மனசு வருமா என்பதை அவரவர் யோசித்துக்கொள்ள வேண்டும்.

காரில் போகிறவர்கள் கொடைக்கானலுக்கு இ-பாஸ் எடுக்க மறக்கக் கூடாது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் அது கட்டாயம். கொண்டை ஊசி வளைவுகளில் மனிதர்களைப் போலவே நாய்க்கும் வாந்தி வரும், புறப்படுவதற்கு முன் வயிறு நிறைய சோறு போட வேண்டாம். அதைவிட முக்கியம், திண்டுக்கல்லில் பிரியாணி சாப்பிட இறங்கும்போது நாயைக் காருக்குள் வைத்துப் பூட்டிவிட்டுப் போகாதீர்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் சில நிமிடங்களிலேயே சூடு தாங்க முடியாத அளவுக்கு ஏறும். ஜன்னலை விரலளவு இறக்கி வைப்பதெல்லாம் போதாது. நாய்க்கு உடம்பில் வியர்த்துச் சூட்டைத் தணிக்கும் வசதி நமக்கு இருப்பது போல இல்லை. இரண்டு பேர் இரண்டு முறை போய்ச் சாப்பிடுவதுதான் ஒரே வழி.

ரூம் போடும் முன் ஒரு போன் செய்து, எடை வரம்பு எவ்வளவு, கட்டணம் ஒரு ராத்திரிக்கா மொத்தத் தங்கலுக்கா, பக்கத்தில் கால்நடை மருத்துவர் இருக்கிறாரா என்று கேளுங்கள். பதிலை வாட்ஸ்அப்பிலோ மெயிலிலோ எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள். போனில் 'வாங்க சார், பிரச்சினை இல்ல' என்று சொன்னவர் நீங்கள் போய் இறங்கும்போது டியூட்டியில் இருக்க மாட்டார்.

அப்படியும் நாய் யாரையாவது கடித்துவிட்டால், அது நம் வீட்டு நாய்தானே, ஊசி போட்ட நாய்தானே என்று சமாதானம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். காயத்தைச் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்கக் கூடாது. உடனே பக்கத்து அரசு மருத்துவமனைக்குப் போனால் தடுப்பூசி இலவசம். முதல் நாள், 3-வது, 7-வது, 28-வது நாள் என்ற கணக்கில் போடுவார்கள். கடிபட்டவர் அந்த ரிசார்ட் ஊழியராக இருந்தால், அவரை மருத்துவமனைக்குக் கூட்டிட்டுப் போக வேண்டியது நாயைக் கூட்டி வந்தவர்தான்.