காய்ச்சி வடித்த தண்ணீரில் ஜெயித்தால் போதாது

கொஞ்சம் நீளமான பதிவு. கெமிஸ்ட்ரி என்றாலே ஓடியவர்களும் படிக்கலாம், தயிரில்தான் ஆரம்பிக்கிறேன்.

தயிரின் புளிப்பு லாக்டிக் அமிலம். எலுமிச்சையில் இருப்பது சிட்ரிக், புளியில் டார்டாரிக். எல்லாம் கரிம அமிலங்கள். இன்று கடையில் விற்கும் சிட்ரிக் அமிலம் பழத்திலிருந்து வருவதில்லை. ஒரு வகைப் பூஞ்சைக்குச் சர்க்கரையைக் கொடுத்தால் அது சிட்ரிக் அமிலமாக்கித் தரும் என்று 1917இல் ஜேம்ஸ் கரி என்ற அமெரிக்கர் காட்டினார். லாக்டிக் அமிலத்தை பாக்டீரியா தருகிறது. இரண்டுக்குமே சர்க்கரை ஆலையில் மிஞ்சும் மொலாசஸ் போதும். 1842இலேயே பாரி கம்பெனி நெல்லிக்குப்பத்தில் சர்க்கரை ஆலை தொடங்கிய மாவட்டம் நம்முடையது. அந்த வாசனை தெரியாதவர்கள் நம்மில் குறைவு.

அமிலத்தை உண்டாக்குவது சுலபம். அந்தப் பழுப்புக் கலங்கலிலிருந்து அதை மட்டும் சுத்தமாக எடுப்பதில்தான் செலவு. பழைய வழி, சுண்ணாம்பு போட்டு கால்சியம் லாக்டேட் ஆக்கிப் பிரித்து, பிறகு கந்தக அமிலம் ஊற்றி அமிலத்தை மீட்பது. மிஞ்சுவது ஜிப்சம். எவ்வளவு? பழக்கம் விடவில்லை, கணக்குப் போட்டுவிடுகிறேன். 180 கிராம் லாக்டிக் அமிலத்துக்கு 172 கிராம் ஜிப்சம். ஒரு டன் சரக்குக்கு ஏறக்குறைய ஒரு டன் குப்பை.

இதற்கு மாற்றாகப் பேசப்படுவதுதான் திரவச் சவ்வு. 1968இல் நார்மன் லி என்ற விஞ்ஞானி அமெரிக்காவில் இதற்குக் காப்புரிமை பெற்றார். சவ்வு என்றதும் பிளாஸ்டிக் தாளை நினைக்க வேண்டாம். சோடியம் கார்பனேட் கரைசலை மண்ணெண்ணெயோடு சேர்த்து, இரண்டும் பிரியாமலிருக்க ஸ்பான் 80 போன்ற ஒன்றையும் போட்டு வேகமாகக் கடைந்தால், எண்ணெய்க்குள் கண்ணுக்குத் தெரியாத நீர்த்துளிகள் சிக்கிக்கொள்ளும். அதை அமிலக் கரைசலில் விட்டு மெதுவாகக் கலக்க வேண்டும். இப்போது வெளியே தண்ணீர், உள்ளே தண்ணீர், நடுவில் எண்ணெய்ப் படலம். அந்தப் படலம்தான் சவ்வு.

லாக்டிக் அமிலம் மண்ணெண்ணெயில் கரையாது. கடப்பதற்கு ஓடக்காரர் வேண்டும். ட்ரைஆக்டைல் அமீன் அந்த வேலையைச் செய்கிறது. இக்கரையில் அமிலத்தை ஏற்றி, அக்கரையில் கார்பனேட்டிடம் இறக்கிவிட்டு, காலியாகத் திரும்பும். இறங்கிய அமிலம் அங்கே உப்பாகிவிடுவதால் திரும்பி வர ஆள் இல்லை. அதனால்தான் வெளியே நீர்த்துக் கிடக்கும் அமிலம் உள்ளே செறிவாகச் சேர்கிறது, பள்ளத்துத் தண்ணீர் மேட்டுக்கு ஏறுவது மாதிரி. இந்த அழகுக்காகவே எனக்கு இந்த முறை பிடிக்கும்.

சிதம்பரத்தில் கெமிக்கல் இன்ஜினியரிங் படிக்கிறாள், பழைய மாணவன் ஒருவனின் மகள். இதையே பிராஜெக்ட்டாக எடுக்கலாமா என்று போனில் கேட்டாள். தாராளமாக எடு, ஆனால் காய்ச்சி வடித்த தண்ணீரில் செய்யாதே என்றேன்.

இந்தத் துறையில் பல ஆய்வுகள் சுத்தமான அமிலத்தைச் சுத்தமான தண்ணீரில் கரைத்து, அதைத் திரும்பப் பிரித்து, தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் வந்தது என்று முடிந்துவிடுகின்றன. நொதித்த திரவம் அப்படி இருக்காது. பாக்டீரியா வேலை செய்ய பிஎச் 5, 6 என்று வைத்திருப்பார்கள். லாக்டிக் அமிலத்தின் பிகேஏ 3.86. அப்படியானால் பெரும்பகுதி ஏற்கெனவே உப்பாகத்தான் கிடக்கும். நம் ஓடக்காரர் அதை ஏற்றமாட்டார். அசிட்டிக் அமிலம் இருந்தால் அதுவும் கூடவே ஏறிக்கொள்ளும். புரதங்கள் எண்ணெய்ப் படலத்தைக் கெடுக்கும். நேரம் ஆக ஆக உள்துளிகள் தண்ணீரை உறிஞ்சி உப்பும், சில உடையும்.

ஜிப்சம் இல்லை என்று பெருமைப்படுவதற்கு முன் இதையும் பாருங்கள். உள்ளே சேர்வது லாக்டிக் அமிலம் அல்ல, சோடியம் லாக்டேட். அதை அமிலமாக்கக் கந்தக அமிலம் ஊற்றினால் சோடியம் சல்பேட் மிஞ்சும். ஜிப்சத்தையாவது குவித்து வைக்கலாம். இது தண்ணீரோடு கரைந்து போய்விடும். மின்சாரத்தால் பிரிக்கும் எலக்ட்ரோடயாலிசிஸ் இருக்கிறது, ஆனால் அதன் கரண்ட் பில்லையும் கணக்கில் எழுத வேண்டும். கடலூர்க்காரர்களிடம் 'பசுமைத் தொழில்நுட்பம்' என்று சொல்பவர்கள் இந்தக் கணக்கைக் காட்டிவிட்டுத்தான் சொல்ல வேண்டும் என்பது என் கட்சி.

முறையே வீண் என்று சொல்லவில்லை. ஆஸ்திரியாவில் லென்சிங் என்ற ஊரில், விஸ்கோஸ் ஆலைக் கழிவுநீரிலிருந்து துத்தநாகத்தை எடுக்க 1980களில் இதைத் தொழிற்சாலை அளவிலேயே ஓட்டினார்கள். நிஜக் கழிவுநீரில்.

உங்களில் சிலர் சர்க்கரை ஆலைகளிலும் சிப்காட்டிலும் லேபில் இருக்கிறீர்கள். முறைப்படி அனுமதி வாங்கி ஐந்து லிட்டர் மொலாசஸ் கொடுக்க முடியுமா? அவளே நொதிக்க வைத்து அந்தக் கலங்கலிலேயே செய்து பார்ப்பாள். நாற்பது சதவீதம்தான் வந்தாலும் அப்படியே எழுது என்று சொல்லியிருக்கிறேன். கடைசியில் வெளியேறும் தண்ணீரில் எவ்வளவு மண்ணெண்ணெய், எவ்வளவு அமீன் என்று ஒரு அட்டவணையும் கேட்டேன். "அதை யார் தாத்தா கேட்கப் போறாங்க?" என்றாள். உப்பனாற்றங்கரையில் குடிகாடு, ஈச்சங்காடு பக்கம் போய்ப் பார், எல்லோரும் கேட்பார்கள் என்றேன்.

கொடுக்க முடிந்தவர்கள் போன் செய்யுங்கள். மதியம் இரண்டிலிருந்து நான்கு வரை மட்டும் வேண்டாம்.