பேசித் தீர்க்கலாம், தீர்ப்புச் சொல்ல முடியாது
குடும்பப் பிணக்குகளில் மத அமைப்புகளின் பங்கு: எங்கள் நிலைப்பாடு

கரையான்சாவடி, குமணன்சாவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் குடும்ப வழக்குகளில் பெண்களுக்குத் துணை நிற்கும் அமைப்பு என்ற முறையில் இந்த அறிக்கையை வெளியிடுகிறோம்.

கணவன் மனைவி சண்டை முற்றினால் இங்கே பலரும் முதலில் கோர்ட்டுக்குப் போவதில்லை. ஜமாத்துக்கோ, பங்குத்தந்தையிடமோ, சாதிச் சங்கப் பெரியவர்களிடமோ போகிறார்கள். அதைக் குறை சொல்ல மாட்டோம். செலவில்லை, வாய்தா இல்லை, இரண்டு வீட்டையும் தெரிந்தவர்கள் பேசுகிறார்கள். பேச்சோடு நிற்கும்வரை அது நல்ல காரியம். ஆனால் திருமணத்தை முறிக்கவோ, ஜீவனாம்சத்தை மறுக்கவோ, பிள்ளை யாரிடம் வளர வேண்டும் என்று முடிவுகட்டவோ, அபராதம் போடவோ எந்த மத அமைப்புக்கும் சாதி அமைப்புக்கும் அதிகாரம் கிடையாது. இதுவே எங்கள் நிலைப்பாடு.

சட்டமும் இதையே சொல்கிறது. தாருல் கஸாக்கள் (ஷரீஅத்படி பிணக்குகளை விசாரிக்கும் அமைப்புகள்) நீதிமன்றங்கள் அல்ல, ஃபத்வா என்ற மார்க்கக் கருத்து யாரையும் கட்டுப்படுத்தாது என்று உச்ச நீதிமன்றம் 2014 ஜூலையில் தீர்ப்பளித்தது. அண்ணா சாலை மக்கா மஸ்ஜித் ஷரீஅத் கவுன்சில் தொடர்பான வழக்கில், வழிபாட்டுத் தலங்களில் நீதிமன்றம்போல் இயங்கும் அமைப்புகளை அனுமதிக்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2016 டிசம்பரில் உத்தரவிட்டது. வழக்கறிஞரும் முன்னாள் எம்.எல்.ஏ.வுமான பதர் சயீத் தொடுத்த வழக்கில், காஜி தரும் தலாக் சான்றிதழ் வெறும் கருத்துதான் என்று 2017 ஜனவரியில் அதே நீதிமன்றம் சொன்னது. 2023 ஜனவரியில், ஒரு ஷரீஅத் கவுன்சில் கொடுத்த குலா (மனைவி கோரும் மணவிலக்கு) சான்றிதழை ரத்து செய்தபோதும், குலா கேட்கும் பெண்ணின் உரிமையை உயர் நீதிமன்றம் மறுக்கவில்லை. குடும்ப நல நீதிமன்றத்துக்குப் போகச் சொன்னது.

இதை முஸ்லிம்களின் பிரச்சினையாக மட்டும் பேசுகிறவர்களோடு நாங்கள் சேர மாட்டோம். திருச்சபை நீதிமன்றம் தரும் மணமுறிவு நாட்டின் விவாகரத்துச் சட்டப்படியான மணமுறிவுக்கு ஈடாகாது என்ற தீர்ப்பும் இருக்கிறது. இந்துக்களில், நிரூபிக்கப்பட்ட வழக்காறு உள்ள சமூகங்களுக்கு மட்டுமே இந்துத் திருமணச் சட்டத்தின் 29(2) பிரிவு விலக்குத் தருகிறது. மற்றவர்கள் பஞ்சாயத்தில் 'தீர்த்துவிட்டோம்' என்று எழுதி வாங்கும் ஸ்டாம்ப் பேப்பர் செல்லாது.

அந்தப் பேப்பரில் எழுதப்படுவது அநேகமாக இதுதான்: "இருவரும் மனமொப்பிப் பிரிகிறோம். இனி நகை, சீர், ஜீவனாம்சம் எதுவும் கேட்க மாட்டேன்." கீழே பெண்ணின் கையெழுத்து, இரண்டு சாட்சி, நோட்டரி முத்திரை. எதிரே ஐந்தாறு ஆண்கள் உட்கார்ந்திருக்க, தன் பக்கம் பேச ஆளில்லாமல் போட்ட கையெழுத்தை மனமொப்பிய சம்மதம் என்று நாங்கள் ஏற்க மாட்டோம். அந்தப் பேப்பரை நம்பி மறுமணம் செய்பவர் மீது இருதார மணக் குற்றச்சாட்டு வரலாம். பாரதிய நியாய சன்ஹிதாவின் 82ஆவது பிரிவின்படி 7 ஆண்டு வரை சிறை.

கோர்ட்டில் வருடக்கணக்கில் அலைய வேண்டியிருக்கிறதே என்கிறார்கள். உண்மைதான். ஆனால் அதற்குப் பரிகாரம் கோர்ட்டைச் சீர்செய்வது. பெண்ணின் உரிமையை விட்டுக்கொடுக்கச் சொல்வது அல்ல. ஆகவே நாங்கள் கோருவது:

1. பேச்சுவார்த்தைக்குப் பெண் தன் விருப்பப்படி வர வேண்டும். துணைக்கு ஒருவரை அழைத்துவரவும், பாதியில் எழுந்து போகவும் அவருக்கு உரிமை வேண்டும். பேசுவோரில் பெண்களும் இருக்க வேண்டும்.

2. அடி, உதை, வரதட்சணைக் கொடுமை இருந்தால் சமரசம் பேசக் கூடாது. நேரே அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். அங்கும் 'ஜமாத்தில் பேசிட்டு வாங்க', 'ஊர்ல பேசிட்டு வாங்க' என்று திருப்பி அனுப்பக் கூடாது.

3. முடிவு எட்டப்பட்டால் நீதிமன்றம் அல்லது லோக் அதாலத் வழியாகவே பதிவு செய்ய வேண்டும்.

4. வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு என்று 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் சொல்கிறது. அந்தத் தகவலையும் 15100 என்ற உதவி எண்ணையும் பள்ளிவாசல், தேவாலயம், கோயில், சமுதாயக் கூடம் எங்கும் எழுதி வைக்க வேண்டும்.

5. குடும்ப வழக்குகளை விரைந்து முடிக்க, பூந்தமல்லி நீதிமன்ற வளாகத்தில் பயிற்சி பெற்ற சமரசர்களை அரசு போதிய அளவில் அமர்த்த வேண்டும்.

பஞ்சாயத்துக்கு அழைக்கப்படும் எந்தப் பெண்ணும் துணைக்கு ஆள் வேண்டும் என்றால் எங்களிடம் வரலாம். எந்த மதம், எந்தச் சாதி என்று கேட்க மாட்டோம், உடன் வருவோம்.